செப்புத் தகட்டைத் தொட்ட கை

என் பெயர் மீரான் மைதீன், வயது 43, த/பெ. காஜா மைதீன். விருதுநகர் இரயில் நிலையத்தின் பின்புறத் தெருவில் மனைவி குல்சார் பேகத்துடன் குடியிருக்கிறேன். சாத்தூர் குற்றவியல் நடுவர் அவர்கள் முன் ஆஜராகி மனமறியச் சொல்வதாவது:

நான் விருதுநகர் வத்தல் வியாபாரி சங்கரபாண்டியனிடம் பல வருடங்களாக அடியாளாக இருந்தேன். வெளியில் கேட்டால் டிரைவர் என்பேன். மேற்படியார் அச்சங்குளம் பக்கம் வத்தல் குடோன் என்று சொல்லி இரண்டு இடங்களில் அனுமதியில்லாமல் பட்டாசு செய்துவந்தார். எந்த ஆவணத்திலும் அவர் பெயர் இருக்காது. வாயைத் திறப்பவர்களை அடக்குவது என் பொறுப்பு. நான் போய் நின்றாலே போதும், கை ஓங்க வேண்டியிருக்காது.

சென்ற தீபாவளி சீசனில் ஒரு குடோன் வெடித்துச் செல்லப்பாண்டி என்ற தொழிலாளி இறந்தார். வீட்டில் கேஸ் சிலிண்டர் வெடித்ததாகச் சொல்லவைக்கும்படி மேற்படியார் என்னை அவர் மனைவி பாண்டிமீனாவிடம் அனுப்பினார். நான் மிரட்டி முடித்ததும் அந்தம்மா, "நீங்க சொல்றபடியே சொல்லுதேன். அவுக வலது கை மட்டும் இன்னும் கெடைக்கல. அங்கன கெடந்தா எடுத்தாந்து குடுங்கண்ணே, சேத்துப் பொதைக்கணும்" என்றார். அதன் பிறகு நான் வீட்டுக்குப் போகாமல் நேராகக் காவல் ஆய்வாளர் கற்பகவல்லி அவர்களைப் போய்ப் பார்த்தேன்.

அதன் பிறகு மேற்படியார் கூடவே இருந்துகொண்டு, எந்த லோடு எப்போது கிளம்புகிறது என்று ஆய்வாளருக்குச் சொல்லிவந்தேன். லாரிகள் பிடிபட்டன, ஓட்டியவர்கள் உள்ளே போனார்கள், அவர் மட்டும் வெளியிலேயே இருந்தார். கடைசியில் அவரைப் பிடித்தபோதும் குடோனோடு அவரைச் சேர்த்துக் காட்ட ஒன்றும் இல்லை. அவர் வெளியே வந்தால் காட்டிக்கொடுத்தது யாரென்று கண்டுபிடித்துவிடுவார், நானும் என் மனைவியும் உயிரோடு இருக்க மாட்டோம்.

அப்போது நான் ஆய்வாளரிடம், "மிச்சமிருக்க குடோனுக்கு அவர கூட்டிட்டுப் போங்கம்மா. ஒண்ணும் கேக்காதீக. முன்னால நடக்க விடுங்க, போதும்" என்றேன். சந்தேகம் வராமலிருக்க என்னையும் கைது செய்ததுபோல் ஜீப்பில் ஏற்றினார்கள். கிராம நிர்வாக அலுவலர் சாட்சியாக வந்தார், காவலர் ஒருவர் வீடியோ எடுத்தார். மேற்படியார் வழியெல்லாம், "நான் வத்தல் யாவாரிம்மா, இந்தப் பக்கமே வந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

குடோன் வாசலில் செருப்பைக் கழற்றினார். அதன் பிறகு கதவு நிலைக்குப் பின்னால் தொங்கிய சாக்குக்குள் வலது கையை விட்டு, ஒரு நொடி அழுத்தி வைத்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார். ஆய்வாளர் சாக்கை விலக்கினார். சுவரில் செப்புத் தகடு. உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் தொடுகிற தகடு அது. பட்டாசுக்காரர்களுக்குக் கை தானாகப் போய்விடும். வத்தல் குடோனில் அதற்கு வேலை இல்லை.

கிராம நிர்வாக அலுவலர், "மொத மொறையா வாறவுகளுக்கு சாக்குக்குள்ள தகடு இருக்கது எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். திரும்பும்போது ஜீப்பில் என்னைப் பார்த்து, "ஏலே மைதீனு, நீயாலே?" என்றார். "ஆமா அண்ணாச்சி, நாந்தான்" என்றேன். அவர் முன்னால் கைகட்டி நின்றே பழகிய நான் அன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வந்தேன். நடுவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பாண்டிமீனாவும் காவல் நிலையத்துக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை சொன்னதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், அத்தனையும் உண்மை. யாரும் அடித்தோ மிரட்டியோ இதை என்னிடம் வாங்கவில்லை. அப்படி வாங்கினால் எப்படி இருக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் கிடையாது.

(ஒப்பம்)
மீரான் மைதீன்