தொண்ணூற்றொன்றாவது நாள்

உங்கள் காவல் நிலையத்து வாசலில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது. இதைச் சரிசெய்வதாக யார் சொன்னது, எந்தத் தேதிக்குள் என்று என்னை அழைத்துவந்த காவலரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். பெரிய நாடுகளில் இப்படித்தான். கேட்க ஆளில்லாவிட்டால் படி உடைந்தபடியேதான் கிடக்கும்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்குக் காரணம் உண்டு. நீங்கள் தட்டச்சு செய்து காட்டியதில் என்னை வாட்ச்மேன் என்று போட்டிருந்தீர்கள். நான் வாட்ச்மேன் இல்லை. முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் நாட்டின் எல்லை அதிகாரி, வாக்குறுதிக் கண்காணிப்பாளர். என் சட்டைப்பையில் இருந்த சாவியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வரிசைப்படி வருகிறேன்.

எங்கள் நாடு என்றதும் நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கீழ்த்தளத்தில் என் ஒற்றை வீடு, மேலே மாடிக்கு இரண்டாக எட்டு. சாலைக்கு இந்தப் பக்கத்து நகராட்சி, எங்கள் கட்டடம் தன் எல்லைக்குள் வராது என்று எழுதிக் கொடுத்தது. அந்தப் பக்கத்து நகராட்சியும் அதையே எழுதிக் கொடுத்தது. இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன, குப்பை மட்டும் வாசலிலேயே கிடந்தது. யாருக்கும் வேண்டாத இடமென்றால் அது நம்முடைய நாடுதானே என்று முதலில் சொன்னவர், மூன்றாம் மாடியில் குடியிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கொடி ஏறியது. கடவுச்சீட்டு, முத்திரை, படிவம் எல்லாம் அவர் கடையிலேயே அச்சாயின. கடவுச்சீட்டின் ஓரம் கோணலாக வெட்டப்பட்டிருப்பதை அன்றைக்கே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். நான் ஏற்கெனவே வாசலில் நாற்காலி போட்டுப் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதவி வந்த பிறகு வேலையில் மாற்றமில்லை. ஒரு மேசையும் கேட் பூட்டின் சாவியும் கூடச் சேர்ந்தன, அவ்வளவுதான். முதல் மாடித் தம்பதி ஒரே சோபாவில் உட்கார்ந்து செல்போனிலேயே சண்டை போட்டுக்கொள்வதும், இரண்டாம் மாடித் தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் பிடித்தபடி படியேறுவதும் நான் எட்டிப்பார்த்துத் தெரிந்துகொண்டவை அல்ல. கண்ணில் பட்டவை.

கண்ணில் பட்டதைத் தினமும் மாலை நான்கு மணிக்கு நான்காம் மாடி டீச்சரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். முழங்கால் இரண்டும் ஓய்ந்துவிட்டன. லிஃப்ட் நின்றதிலிருந்து இரண்டு வருடமாக அவர் கீழே இறங்கியதில்லை. இரண்டு தெரு தள்ளிப் படுத்த படுக்கையாக இருக்கும் தங்கையைக்கூடப் போனில்தான் விசாரிப்பார். நான் உள்ளே நுழைந்ததும், "வாங்க வானொலி, இன்னிக்கி என்ன சேதி?" என்பார். அந்த ஒரு மணி நேரம் எங்கேயும் எழுந்து போகமாட்டார். அப்படிக் கேட்கிறவர்கள் இந்தக் காலத்தில் அபூர்வம். என் மனைவி உயிரோடு இருந்தபோதுகூட, பாதிப் பேச்சில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

தேர்தல் வந்தது. ஜெராக்ஸ்காரர் இரண்டாம் மாடிப் படி வளைவில் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசினார். படிக்கட்டு விளக்கு, தபால் பெட்டி, படிவங்கள் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கைதட்டல் கூடக்கூட மேலே நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் நான்காம் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூறே நாள் டீச்சர். லிஃப்ட் ஓடும். ஓடலேன்னா, ஓடுற வரைக்கும் நானும் உங்கள மாதிரி இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்."

பலத்த கைதட்டல். டீச்சரும் தட்டினார். நான் தட்டவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். காலை பத்து நாற்பது. ஸ்டூலை விட்டு இறங்கியதும் அந்தத் தாளை நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், முத்திரையும் குத்தினார். வாக்குறுதியை மீறுகிறவர் பதவி இழப்பார் என்று எங்கள் சட்டத்தில் அவரே எழுதி அவரே அச்சடித்த வரி இருக்கிறது.

அவரே ஜெயித்துத் தலைவரானார். தொண்ணூறு நாளில் கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடிக்கப்பட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

தொண்ணூற்றொன்றாவது நாள் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்குத் தலைவர் சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தார்.

"வழி விடுங்கண்ணே, கடை தொறக்கணும்."

"தலைவரே, இன்னிக்கித் தொண்ணூத்தொண்ணு."

படியில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்து, ஏதோ மாலை போட்டவர் மாதிரி கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு மேலே போனார். மனைவியைக் கடைக்கு அனுப்பினார். பால்கனியிலிருந்து சாலையில் போகிறவர்களுக்குக் கையசைத்தார். நாலு பேர் பேசிக்கொள்வார்கள் என்ற ஆசை அவருக்கும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் சிரிப்பு போய்விட்டது. "போதும்ணே ஜோக்கு," என்றார்.

"நான் ஜோக்கடிச்சு நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

ராஜினாமா செய்துவிட்டுச் சாதாரணக் குடிமகனாக அவர் எந்த நிமிடமும் வெளியே போயிருக்கலாம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் யாரையும் அடைத்து வைக்கவில்லை. அவர் மனைவியே என் காதுபட, "எழுதிக் குடுத்துட்டுக் கடைக்கிப் போங்களேன், மூணு நாளா என்னால முடியல," என்றாள். "ஒரு ஓட்ட லிஃப்டுக்காகப் பதவிய விடச் சொல்றியா?" என்று இவர் கேட்டதும் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் டீச்சரிடம் சொன்ன செய்திகளில் அதுதான் சிறந்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"அவரைப் போகவிடுங்க சார்," என்றார். "ஆசைக்கு ஏதோ சொன்னாரு. எனக்காக எல்லாம் வேணாம்."

பாதிக்கப்பட்டவர்கள் அப்படித்தான் இரக்கப்படுவார்கள். கண்காணிப்பாளன் இரக்கப்படக் கூடாது. டிக்கெட் இல்லாதவரின் முகத்தைப் பார்த்தால் கையிலிருக்கும் ரசீதுப் புத்தகம் நகராது. முப்பத்தொரு வருடமும் நான் பார்த்தது கையைத்தான்.

என் நடவடிக்கைக்குப் பலனும் கிடைத்தது. இரண்டு வருடம் நகராத வேலை, வீட்டுக்குள் இருந்த ஒரு வாரத்தில் நகர்ந்தது. லிஃப்ட் கம்பெனிக்கு அவர் ஒரு நாளைக்கு ஏழு தடவை போன் செய்தார்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, காலை பதினொன்று ஐந்து. மேலே கதவு திறக்கும் சத்தம். அவர் மனைவி அவரைத் தோளோடு அணைத்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். மூன்று மாடி. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இடது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. நான் நோட்டைத் திறந்தேன்.

"தொறங்கண்ணே," என்றாள். "நெஞ்சு வலிக்குதுங்கறாரு. தொறங்கண்ணே, உங்க காலப் பிடிக்கறேன்."

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். "ராஜினாமா பண்றேன்ணே. வாயாலயே சொல்றேன். ஆள விடுங்க."

வாயால் சொல்வது செல்லாது என்று விளக்கினேன். ராஜினாமாவுக்குப் படிவம் இருக்கிறது. மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன், படிவம் தீர்ந்துபோயிருந்தது. அச்சடித்துக் கொடுக்க வேண்டியவர் அவர். படிவங்கள் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் என்பதும் அந்த ஸ்டூல் மேல் நின்று சொன்னதுதான், அதையும் அப்போது நினைவுபடுத்தினேன். இருந்தாலும் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவருடைய தேர்தல் நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி என் பேனாவையும் கொடுத்தேன். எழுதினார். எழுத்து வரியை விட்டுச் சரிந்து சரிந்து போனது. கையெழுத்தைப் பழைய தாளோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போகவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னேன். அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

மேலேயிருந்து தொம் தொம் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. முதலில் புரியவில்லை. டீச்சர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தார். "அவரை விடுங்க சார், அவரை விடுங்க சார்" என்று படிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே. அவர் இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது, ஆம்புலன்ஸ்காரர்கள் கம்பியை விட்டு நெம்பிப் பூட்டை உடைத்தார்கள். அனுமதியில்லாமல் எல்லை மீறல், பதினொன்று இருபத்தேழு என்று குறித்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று பிறகு தையல்காரம்மா வந்து சொன்னாள்.

இருபத்திரண்டு நிமிடம். உங்கள் ஆட்கள் நாற்பது என்று எழுதியிருக்கிறார்கள். திருத்திக்கொள்ளவும்.

இப்போது சாவி. அது லிஃப்ட் சாவிதான். அதில் கட்டியிருந்த அட்டையில் செவ்வாய்க்கிழமைத் தேதி இருப்பதும் சரிதான். செவ்வாய் நண்பகலில் மெக்கானிக் வேலையை முடித்து, என்னை ஏற்றி நான்காம் மாடிவரை ஓட்டிக் காட்டினார். நன்றாகவே ஓடியது, ஆட்டமில்லை. "மேல சொல்லிடட்டுமா சார்?" என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் லிஃப்டைப் பூட்டினேன். மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலைவர் கேட்டார். இன்னும் ஒரு பாகம் வர வேண்டுமாம் என்றேன். வியாழக்கிழமை அவர் மூன்று மாடி நடந்து இறங்கியபோது லிஃப்ட் எனக்குப் பின்னால் பத்தடியில் நின்றுகொண்டிருந்தது. சாவி பையில் இருந்தது. ஆம். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

வாக்குறுதி தொண்ணூறு நாளுக்கு. லிஃப்ட் ஓடியது தொண்ணூற்றொன்பதாவது நாள். தாமதமாக வந்ததை வந்ததாக ஏற்றுக்கொண்டால் அடுத்து வருகிற அரசாங்கமும் அதையே பழகிக்கொள்ளும். ரயில் கிளம்பிய பிறகு வாங்கிய டிக்கெட் டிக்கெட் ஆகாது. நாளைக்கு என்னை அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் இதையேதான் செய்வேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் என்ன சொன்னேன் என்று கேட்டீர்கள். வழக்கம்போல நான்கு மணிக்குப் போனேன், படியேறித்தான். வாசலருகே ஒரு பை கட்டி வைத்திருந்தார்.

"மத்தியானம் லிஃப்ட் சத்தம் கேட்டுச்சே சார்? ஓடுதா?"

"சோதனை பண்ணாங்க டீச்சர். சரியா வரல."

"ஓடுன அன்னிக்கே தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். இனிமே அங்கயேதான். அவளுக்கும் ஆளில்ல, எனக்கும் பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா?"

பையை எடுத்து உள்ளே வைக்க உதவினேன். பிறகு உட்கார்ந்து அன்றைய செய்திகளைச் சொன்னேன். ஐந்தே கால்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது லிஃப்ட் ஓடுகிறது, டீச்சர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்க அவர் இங்கே வரவில்லை, முழங்கால் வலியாக இருக்கும். அவர் வந்தால் இந்தத் தாளைக் காட்டுங்கள். லிஃப்ட் ஓட வேண்டும் என்று அந்த நாட்டில் என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாருமே இல்லை.