இடுப்பில் கட்டிய மணல்

வயிறு முட்டக் கேழ்வரகுக் களி தின்றுவிட்டு யாராலும் ஓட முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஊருக்குத் தலைவரான மேர் ஐயா. என் வீட்டுக்காரர் ஓடினார்.

பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினாலாம் தேதி விழாவுக்குப் புதுச்சேரியில் நெடுந்தூர ஓட்டம். ஜெயிக்கிறவரைச் சைகோனுக்கு அழைத்துப்போய்ப் போலீசில் சேர்ப்பதாக, அங்கிருந்து லீவில் வந்த அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவர் பாகூர் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தார். என் அக்கா புருஷனும் சைகோனுக்குப் போனவர்தான். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்காவுக்குத் தீபாவளிக்குச் சேலை மட்டும் வரும். எனக்குப் பயமாக இருந்தது. அதில் தப்பில்லையே?

முதலில் களியைக் கூட்டினேன். அதையும் தின்றுவிட்டு ஓடப் பழகிக்கொண்டார். புது கான்வாஸ் ஜோடுகளைக் கொதிநீரில் அலசிச் சுருக்கினேன். வெறுங்காலோடு முன்னைவிட வேகமாக ஓடினார். வேட்டி முனையில் கருவாட்டைத் தேய்த்து அனுப்பினேன். ஊர் நாய்களெல்லாம் துரத்தியதில் அவர் வேகம் இன்னும் கூடியது. இளைத்தது நாய்கள்தான்.

"ஏரிக்கரை வாணாம் தனக்கொடி, ரோட்டுல ஓடறேன். இடுப்புல மணல் கட்டிக்கினு ஓடினா காலு இறுகுமாம். ஒரு பை தச்சிக் குடு" என்றார்.

நம் ஊரில் எந்த ரோட்டில் நேராக ஓடினாலும், வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இங்கிலீஷ்காரன் எல்லை வந்துவிடும். அங்கே சுங்கச் சாவடி. பிரெஞ்சுச் சரக்கு கடத்துகிறவர்களைப் பிடிக்கச் சேவகர்கள் நிற்பார்கள். இவரைத் தினமும் பார்த்து, கையசைத்து விட்டுவிடுவார்களாம்.

பை தைத்தேன். கெட்டித் தையல். என் கம்மலை விற்று, வரி கட்டாமல் எல்லை தாண்டக் கூடாத சீமைச் சரிகை நூல்கண்டுகள் வாங்கி, மணலுக்கு நடுவில் வைத்துத் தைத்தேன். மோர் விற்கப் போகிறவளைப் போலச் சாவடிக்குப் போய், சேவகனிடம் சொல்லியும் வைத்தேன்.

"ஆளு பேரு இன்னாம்மா?"

"பேரெல்லாம் வாயில வராது. காலைல ஓடியாருவாரு. இடுப்புல பையி இருக்கும்."

இப்போது கடலூர் ஜெயிலில் இருக்கிறார். பிடித்தபோது ஓடப் பார்த்தாராம். முழங்காலில் தடியால் போட்டார்களாம். இனி நொண்டித்தான் நடப்பாராம். அடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனாலும் நொண்டுகிறவரைச் சைகோனுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? சைகோன் கடலுக்கு அப்பால். கடலூருக்கு நான் நடந்தே போய்விடுகிறேன், களியோடு. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கால் வலி இருக்குமல்லவா.

அந்தச் சேவகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நேற்று என் மாமியார் காசம்மாள் தெருவில் நின்று, "கட்டினவனையே காட்டிக் குடுத்தியேடி" என்று மண்ணை வாரித் தூற்றினார். எனக்கு மனசே ஆறவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன். பை நான் தைத்ததுதான். சாவடிக்குப் போனதும் நான்தான். ஆனால் காட்டிக் கொடுத்தேன் என்பது அபாண்டம், ஐயா. சேவகன் எவ்வளவோ வற்புறுத்திக் கேட்டான். புருஷன் பெயரை நான் வாயால் சொல்லவே இல்லை.