பயம் என்று சொன்னவள்

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகும் பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்றது. முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு பொண்ணுதாண்டி பயம்னு சொன்னா."

"இன்னா பயம்?"

"விளையாடறவங்க மனசப் பத்திதானே என் பிஎச்டி. மேட்சுக்கு முன்னாடி பயமா இருக்குமான்னு கபடி டீம்ல கேட்டேன். கோச் பக்கத்துலயே நின்னாரு. எல்லாரும் இல்லன்னுட்டாங்க. இவ மட்டும், பயமா இருக்கும் மிஸ்னு சொன்னா."

"நல்லதுதானே?"

"மறுநாளே கோச் அவள டீம்லருந்து தூக்கிட்டாரு. எங்க கைடு, இப்ப அவ பிளேயரே இல்ல, ஆராய்ச்சியிலருந்தும் எடுத்துடும்மான்றாரு."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"அப்போ உன் ஆராய்ச்சியில யாருக்குமே பயமில்ல."

"எனக்கு இருக்குதே. இல்லன்னா ஏன் எடுக்கறேன்?"

பஸ் கிளம்பியது.