கொஞ்சம் ஜாஸ்தி வைங்க

எனக்குச் சத்தம் ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். வீட்டில் மிக்ஸி ஓடினால்கூடத் தெருவுக்கு வந்துவிடுவேன். அதனால் பாட்டுப் பதிவு செய்யும்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்வது என் வழக்கம். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

செங்கம் சாலையில் என் வீட்டு மாடிதான் பதிவு அறை. தன் நாட்டுக்குத் திரும்பக் கிளம்பிய ஒரு ஜெர்மன்காரரிடம் எண்பத்து மூன்றில் மொத்தமாக வாங்கிய சாமான்கள். எட்டு மைக் செருகலாம், பெரிய டேப், கனமான ஹெட்போன். வட ஆற்காடு முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு செட் கிடையாது.

என்னைப்போலவே இந்த ஊரில் பாட்டுக் கேசட் போட்டுவந்த குணபாலனிடம் இருந்தது ஒரே ஒரு பழைய டேப் ரெக்கார்டர். மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். சமையலறையில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, பாடுகிறவரை முன்னால் உட்காரவைத்து, மிருதங்கக்காரரைக் கொல்லைப்படி வரைக்கும் நகர்த்துவார். கேட்பார். இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். அவருடைய மிக்சிங் அவ்வளவுதான். கார்த்திகை தீபத்துக்கு வருகிற ஜனம் அவருடைய கேசட்டைத்தான் கேட்டு வாங்கியது. என்னுடையதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

ஒருநாள் பாடகி வேதாவோடு என் அறையைப் பார்க்க வந்தார்.

"செட்டு ஜோரா இருக்குதுங்க. கேக்கறதுக்குத்தான் ஆளு கம்மி" என்றார்.

வேதா சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை. அவரையே என் அறையில் பதிவு வேலைக்கு வைத்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற ஜைனக் குடும்பம் என்பதால், அவர் வீட்டுச் சாப்பாட்டைத் தினமும் சைக்கிளில் ஆள் அனுப்பி வரவழைத்தேன். எந்த முதலாளி செய்வார்?

அவர் மாட்டிக்கொண்டு கேட்கும் ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டும் குமிழ் என் பக்கம் இருந்தது. அதை ஒரு கோட்டுக்கு மேல் திருப்பி நாள் முழுக்கக் கேட்டால் காது போய்விடும் என்று ஜெர்மன்காரர் எச்சரித்திருந்தார். நான் அதை மறக்கவில்லை. தினமும் மயிரிழை அளவு ஏற்றினேன். மெதுவாக ஏற்றினால் காது பழகிவிடும். கொஞ்ச நாளில் அவரே கேட்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் ஜாஸ்தி வைங்க. மந்தமா இருக்குது."

கேட்டதைக் கொடுத்தேன்.

காதுக்கு முதலில் எட்டாமல் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான். அவை கேட்காததால் அவர் பதிவில் அவற்றைக் கூட்டிக்கொண்டே போனார். வேதாவின் குரல் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல வந்தது. அடுத்த தீபத்தில், குணபாலனுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று தேரடி வீதிக் கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

அவர் மனைவி ஜெயந்திமாலா வந்தார். "புள்ள கூப்புட்டா திரும்ப மாட்டேங்கறாருங்க. காதுக்குள்ள விசில் அடிக்குதுன்னு அழுவறாரு. கொஞ்ச நாள் லீவு குடுங்க."

மிகவும் பாவமாக இருந்தது. எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. மறுநாள் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். அதன்பிறகு அவருக்கு லீவுதான்.

ஆக, அவர் காதைக் கெடுத்தது நான். தெரிந்தே செய்தேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வேதாவைப் பாடவைத்து, யார் உதவியும் இல்லாமல் நானே ஒரு கேசட் போட்டேன். கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நேராகக் குணபாலன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓடவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். பாட்டு முடிந்து வெறும் நாடா ஓடியபோதும் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றார்.

பதிவு விஷயத்தில் இந்த ஊரிலேயே நான் மதிப்பது அவருடைய அபிப்பிராயம் ஒன்றைத்தான்.