மேல்வரிசைக் கடைசிப் பல்

உங்களுக்கும் கேட்டுச்சா? இல்ல, நீங்க சட்டுனு திரும்பிப் பாத்தீங்களே, அதான் கேக்கறேன். அந்த டோக்கன் குடுக்கற பொண்ணு போன்ல யார்கிட்டயோ சொல்லிச்சு, பாப்பாவோட அம்மா உள்ள போயிட்டாங்க, கூட வந்தவங்கதான் வெளில உக்காந்திருக்காங்கன்னு. மெதுவாத்தான் சொல்லிச்சு. ஆனா இந்த மாதிரி எடத்துல மெதுவா சொல்றதுதான் நல்லாக் கேக்கும்.

கூட வந்தவ நாந்தான். பெத்தவளும் நாந்தான்.

பரவால்ல, சிரிங்க, எனக்கே சிரிப்புதான் வருது. உள்ள போயிருக்கறது என் தங்கச்சி. இப்ப ஒருத்தி தலைகூட வாராம ஓடி வந்தாளே, அவதான். நாந்தான் போன் பண்ணி வரச்சொன்னேன். வேற வழி? இன்னைக்கு வேலைக்கு லீவு சொல்லிட்டு, நானே கூட்டிட்டுப் போறேன், யாரும் வர வேணாம்னு வீராப்பாக் கெளம்பி வந்தேன். எம்பொண்ணு அந்தச் சாய்வு நாற்காலில ஏறிப் படுத்தா, டாக்டரம்மா லைட்டப் போட்டாங்க, பாப்பா வாயத் தொறன்னாங்க. அவ என்னையப் பாத்தா. வாய இறுக்கி மூடிக்கிட்டா. பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவுல ஒரு பேப்பர் போகாது, அப்படி. சித்தி வந்தாத்தான் தொறப்பேன்னு மூக்காலயே சொல்றா. பெரியவங்க ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம்மா, அவங்களையே கூப்பிட்டுருங்களேன்னு டாக்டரம்மா ரொம்பத் தன்மையாச் சொன்னாங்க. அந்தத் தன்மைதான் தாங்கல. திட்டியிருந்தா பதிலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அதான் குத்துக்கல்லாட்டம் இங்க உக்காந்திருக்கேன்.

ஆறு வயசு. ஒண்ணாங்கிளாஸ். வீட்டுல வாலுன்னுதான் கூப்பிடுவோம். கேப் போடறாங்க. பல்லு சொத்தையாகி ஓட்டையாயிருச்சுன்னா அத சுத்தம் பண்ணிட்டு மேல தொப்பி மாதிரி ஒண்ணு மாட்டி விடறாங்கல்ல, சின்னப் புள்ளைங்களுக்கு வெள்ளி நெறத்துல, பளபளன்னு. வெள்ளி இல்ல, அது ஸ்டீலுதான். இது ரெண்டாவது. இன்னைக்கு இடது பக்கம்.

மொதல் கேப்பா? அது நாலு மாசம் முன்னாடி போட்டது, மேல் வரிசைல கடைசிப் பல்லு, வலது பக்கம். நல்லாத்தான் இருக்கு, நல்லாத்தான் கடிக்கறா. எனக்குத்தான் அப்படி ஒண்ணு இருக்கறதே ரெண்டு வாரம் முன்னாடிதான் தெரியும்.

ஆமா. சரியாத்தான் கேட்டீங்க.

பூசணிக்காய சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். என் வீட்டுல ஒரு பல்ல வாயிலயே மறைச்சுட்டாங்க. நான் தரை தொடச்சுக்கிட்டிருந்தேன், ஞாயித்துக்கிழமை. இவ கட்டில்ல மல்லாக்கப் படுத்து தலையக் கீழ தொங்கப்போட்டு எதுக்கோ சிரிச்சா. தரைல முட்டி போட்டிருந்தேனா, என் கண்ணுக்கு நேரா அவ வாய், தலைகீழா. உள்ள ஒண்ணு மின்னுது. மொதல்ல எதையோ முழுங்கிட்டான்னு பதறிப்போய் வெரல விட்டேன். கடினமா இருக்கு, ஆடல. என்னடி இதுன்னேன். ஒண்ணுமில்லம்மான்னு எந்திரிச்சு உக்காந்துட்டா. சொல்லுடின்னு தோளப் புடிச்சு உலுக்கினேன். சித்தி சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்கன்னா.

பள்ளிக்கூடத்துல பென்சில் சீவினாக்கூட வந்து ஒரு மணி நேரம் சொல்ற புள்ளைங்க அது. பக்கத்து வீட்டு சண்டையெல்லாம் எனக்கு அவ மூலமாத்தான் தெரியும். அந்த வாய் நாலு மாசம் மூடியிருந்திருக்கு.

அவங்கப்பாவா? அதக் கேளுங்க. சாயங்காலம் வந்ததும் கேட்டேன். பாத்துட்டியான்னாரு. அதுதான் அவர் சொன்ன மொத வார்த்தை. அன்னைக்கு இவங்கள வண்டில கொண்டாந்து விட்டதே அவருதானாம். உங்கிட்ட சொன்னா நீ கத்துவ, வேணாம்ப, புள்ள வலில துடிச்சுக்கிட்டிருந்துச்சு, இப்பத்தான் வலி நின்னுருச்சே, விடேங்கறாரு. கல்யாணமாகி எட்டு வருசத்துல அவர் ஒரு ரகசியத்த ஒழுங்காக் காப்பாத்தினது இதுதான். என் பொறந்த நாளுக்கு வாங்கினதையே மொத நாள் உளறிடற மனுசன்.

நான் வேணாம்னு சொன்னது நெசந்தாங்க. இல்லன்னு சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்துல பல்லு பாத்து ஒரு சீட்டு குடுத்து விட்டாங்க, ரெண்டு பக்கமும் சொத்தை, கேப் போடணும்னு. விழப்போற பல்லுக்கு எதுக்கு இரும்புத் தொப்பின்னு நாந்தான் சொன்னேன். பொம்பளப் புள்ள, வாயத் தொறந்தா தகரம் மாதிரி மின்னினா கூடப் படிக்கறதுங்க சும்மா விடுமா? அதோட எனக்கு இந்த நாற்காலின்னாலே ஆகாது. எனக்கு ஏழு வயசுல ரெண்டு பேரு கையக் காலப் புடிச்சுக்கிட்டு ஒரு பல்லப் புடுங்கினாங்க. ஒண்ணும் பண்ணமாட்டாங்கன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது எங்கம்மா. அதுக்கப்பறம் அவங்க எத சொன்னாலும் ஒரு நிமிசம் யோசிச்சுட்டுத்தான் நம்புவேன். அந்த நெலமை என் புள்ளைக்கு வேணாம்னு நெனச்சேன். தப்பா?

அந்த டாக்டரம்மா இன்னைக்கு எனக்கும் சொன்னாங்க, பால் பல்லுன்னாலும் பதினோரு வயசு வரைக்கும் அது நிக்கணுமாம், கீழ வரப்போற பல்லுக்கு எடம் புடிச்சு வைக்குதாம், பஸ்ல துண்டு போடற மாதிரி. நல்லா வெளக்கறாங்க. இதையே அன்னைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேன். என்னையக் கேட்டாத்தான?

அதோ, அந்தச் சுவத்துல போட்டோ ஒட்டியிருக்காங்க பாருங்க, கேப் போட்ட புள்ளைங்க. ரெண்டாவது வரிசை, மஞ்சச் சட்டை. அந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது. உக்காந்திருக்கற மடி அவளோடது. வாய எம்மாம் பெருசாத் தொறந்து காட்டறா பாத்தீங்களா? உள்நாக்கு தெரியுது.

தங்கச்சியா? எங்க கூடத்தான் இருக்கா, நாலு வருசமா. படிச்சவ. கல்யாணம் ஆகல, வீட்டுலயே கம்ப்யூட்டர்ல ஏதோ வேலை பாக்கறா. நான் கெளம்பறப்ப வாலு தூங்கிக்கிட்டிருப்பா, திரும்பி வர்றப்ப நாலரை ஆயிரும், எட்டு மணிக்கு மறுபடி தூங்கிருவா. எழுப்பறது, பல்லு வெளக்கி விடறது, தலை பின்னறது எல்லாம் அவதான். நான் ஒரு பேக்கரில கேக் பிரிவுல இருக்கேன். அடுப்புப் பக்கம் இல்ல, வெட்டற மேசைல. காலைல அஞ்சுக்கு உள்ள இருக்கணும்.

இல்லங்க, வீட்டுல சாக்லேட் வாங்கினதே இல்ல. சத்தியமாச் சொல்றேன். மிட்டாய் ஒண்ணு வாங்கினது கெடையாது. பல்லு கெட்டதுக்கு அவங்கப்பா குடும்பத்து வாகுதான் காரணம், அவங்க வீட்டுல நாப்பது வயசுக்கு மேல யாருக்கும் முழுப் பல் வரிசை கெடையாது. அப்பறம் இவளும் ரொம்ப நாள் பாட்டில்லயே பால் குடுத்துத் தூங்க வச்சா, தங்கச்சி. நான் அப்பவே சொன்னேன். மடில வச்சிருக்கீங்களே, உங்க கொழந்தைக்கு பாட்டில் பழக்காதீங்க. ஒரு வயசிருக்குமா? ஒன்றரையா. பல்லு எத்தன? எட்டா. வெளக்கி விடறீங்களா? நல்லது.

தங்கச்சி மேல கோவமான்னா, கோவம்னு சொல்லமுடியல. கோவம்னா கத்திட்டுப் போயிரலாம். அன்னைக்கே கத்தியும் பாத்தேன். எம்புள்ள வாய்ல என்னையக் கேக்காம கை வைக்க நீ யாருடின்னேன். அவ அழல. கடைசில ஒரு வார்த்தை சொன்னா. அது கெடக்கு, அத விடுங்க.

மொதல் கேப் போட்டப்ப இங்க இருக்கற சீட்டுல அவ அம்மான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கா. பெத்தவங்க கையெழுத்து இல்லாம ஊசி போடமாட்டாங்களாம். அவங்கப்பா இருந்தாருல்ல, அவர் போட்டிருக்கலாம்ல? அவர் வண்டிய நிறுத்த எடம் தேடிட்டிருந்தாராம். நல்லா இருக்குல்ல கதை?

ஒரு நிமிசம் இருங்க, கூப்பிடறாங்க.

ஒண்ணுமில்ல, இந்தத் தாளக் குடுத்திருக்காங்க. பாப்பா போன ஒரு வாரம் என்ன சாப்பிட்டான்னு எழுதணுமாம், ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி இத எழுதி வாங்குவாங்களாம். கிழமை போட்டிருக்கு, எத்தன மணிக்கு, என்ன, யார் குடுத்தாங்கன்னு கட்டம் கட்டியிருக்கு. வழக்கமா அம்மாதான் எழுதுவாங்க, அவங்க உள்ள இருக்காங்க, நீங்க எழுதிருவீங்களான்னு கேக்குது அந்தப் பொண்ணு. இது மாதிரி எழுதுங்கன்னு போன தடவை எழுதினதையும் சேத்துக் குடுத்திருக்கு.

தங்கச்சி எழுத்துதான். உருண்டை உருண்டையா இருக்கும். யார் குடுத்தாங்கங்கற கட்டத்துல நான்னு எழுதியிருக்கா.

காலைல பால், சர்க்கரை போடாம. நான். பதினோரு மணிக்குப் பழம். நான். சாயங்காலம் நாலரைக்கு பிஸ்கட். நான். செவ்வாய், நாலரைக்கு பிஸ்கட், நான். புதன், பிஸ்கட், நான்.

பிஸ்கட்டா?

எங்க வீட்டுல பிஸ்கட்டே கெடையாதுங்க. வாலுக்குப் புடிக்காது, துப்பிருவா.

அந்தப் பொண்ணு சொல்லுது, டாக்டரம்மா அன்னைக்கு பாப்பாவோட அம்மாவ நல்லாத் திட்டிட்டாங்களாம். ஏம்மா, படிச்ச பொண்ணு, தினமும் அதே நேரத்துக்கு இனிப்பு பிஸ்கட் குடுத்தா பல்லு எப்படி நிக்கும்னு. இவ தலையக் குனிஞ்சுக்கிட்டு சரிங்க டாக்டர், தப்புதான் டாக்டர்னு சொன்னாளாம்.

பாத்தீங்களா? கையெழுத்துல இருந்து என்னைய எடுத்துட்டா, போட்டோல இருந்தும் எடுத்துட்டா. கெடுத்ததுக்குக்கூட எம்பேரு இல்ல. அந்த எடத்துலயும் அவளே உக்காந்துக்கிட்டா.

பேனா வச்சிருக்கீங்களா? குடுங்க, எழுதிடறேன். கொழந்தை கைல இருந்தே குடுங்க, அவ என்கிட்டத் தருவா போலருக்கே. தங்கம்.

கேக் வட்டமா வெளில வருங்க. மேல உப்பலா இருக்கறதையும் ஓரத்துல கருகினதையும் சீவி எடுத்துட்டுத்தான் கிரீம் தடவணும். ஒரு நாளைக்கு நாப்பது கேக்காவது சீவுவேன். அந்த ஓரமெல்லாம் வேலை பாக்கறவங்களுக்குத்தான், வேணுங்கறவங்க எடுத்துக்கலாம். கடைசில கிண்ணத்துல ஒட்டியிருக்கற கிரீமையும் வழிச்சு அது மேல போட்டுக்குவோம். நான் ஒரு டப்பால கொண்டுபோவேன். வாலுக்கு ரெண்டரை வயசுல இருந்து. பஸ்ஸ விட்டு எறங்கி தெரு முனைல திரும்பறப்பவே வாலு வாசல் கேட்டுப் பக்கத்துல நிப்பா, அம்மா அம்மான்னு செருப்புகூடப் போடாம ஓடி வருவா. நாள் பூரா நின்னு கால் வீங்கியிருக்கும், அது அப்படியே எறங்கிரும்.

ஒரு நாள் டப்பா இல்லாமப் போனேன். சும்மா, என்ன பண்றான்னு பாக்கத்தான். கேட்டுல நின்னா. கையப் பாத்தா. உள்ள போயி டிவி முன்னாடி உக்காந்துட்டா. மறுநாள்ல இருந்து மறக்கவே இல்ல நான்.

தங்கச்சி அன்னைக்கு சொன்னது அதுதான். அக்கா, அந்த டப்பாவ நிறுத்துக்கா, நான் வேற எதுவும் கேக்கலன்னா. மூணு வருசமா சொல்றா, சாடையா. அன்னைக்குத்தான் நேராச் சொன்னா.

நிறுத்தல. எப்படிங்க நிறுத்துவேன்?

திங்கள். நாலரை. கேக் ஓரம், கிரீமோட. செவ்வாயும் அதான். புதன், அன்னைக்கு சாக்லேட் கேக்கு. வியாழன். வெள்ளி. சனிக்கிழமை கல்யாண ஆர்டர், கொஞ்சம் ஜாஸ்தியாவே கொண்டு போனேன், ராத்திரி மிச்சத்தையும் தின்னா. ஞாயிறு லீவு, ஆனா சனிக்கிழமையே எடுத்து வச்சிருந்தேன்.

இன்னைக்குக் கட்டம் இல்ல. கீழ எடம் இருக்கு, எழுதறேன். காலைல ஒம்பதேகால், பஸ் ஸ்டாப்புல, ரெண்டு துண்டு. சித்தி இல்லாம வரமாட்டேன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா. வேற எத வச்சுக் கூட்டிட்டு வர்றது?

யார் குடுத்தாங்கங்கற கட்டம் எல்லாத்துலயும் அம்மான்னு எழுதியிருக்கேன், எட்டு தடவை. இந்தாங்க உங்க பேனா.