வந்து சேராத பைட்கள்

நான் எதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். மின்கட்டண ரசீதாக இருந்தாலும் சரி.

அலுவலகத்தில் என் வேலையும் அதுதான். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் இயந்திரத்துக்கு மற்றவர்கள் நிரல் எழுதுவார்கள். நான் படித்து ஒப்புதல் தருவேன். என் தங்கையின் கணவரும் எழுதினார். எழுதினார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

நர்ஸ் திரையில் மருந்தையும் வேகத்தையும் தட்டுவார். உள்ளே எல்லாவற்றையும் ஆளும் கெர்னல் அதைத் தன் பக்கம் நகலெடுத்துக்கொள்ளும். அந்த நேரம் நினைவகத்தில் அந்தத் தகவலின் ஒரு பகுதி இடத்தில் இல்லாவிட்டால் நகல் பாதியில் அறுந்துவிடும். எத்தனை பைட் வந்து சேரவில்லை என்று ஓர் எண் வரும். பூஜ்யம் என்றால் எல்லாம் சேர்ந்தது. வேறு எது வந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போடவேண்டும். மாப்பிள்ளையோ, கோளாறு என்றால் மைனஸில்தான் வரும் என்று தானாக முடிவுகட்டியிருந்தார். அரைகுறை நகலையும் முழுசாக நம்பியது அவர் நிரல். வராத இடத்தில் பழைய மருந்தின் வேகம் அப்படியே கிடக்கும்.

முதல் தடவை படித்தபோதே பிழையைப் பார்த்துவிட்டேன். முந்தின நாள்தான் தங்கை சாப்பாட்டு மேசையில் சிரித்திருந்தாள். "இவரு உன்னை மாதிரி இல்லண்ணா. முழிச்சு முழிச்சு ரெண்டு தடவை பார்க்க மாட்டாரு. ஒரே மூச்சுல எழுதிடுவாரு."

இரண்டாம் தடவையும் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். என்றைக்காவது பிழை வெளியே வந்து நாலு பேர் முன்னால் அவர் முகம் தொங்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மாதங்கள் ஓடின, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தங்கைக்கு அறுவைசிகிச்சை. கட்டிலருகே அதே இயந்திரம்.

"நம்ம மெஷின்தான் மச்சான், கவலையே படாதீங்க." கன்றுக்குட்டியைப் போல அதைத் தட்டிக்கொடுத்தார்.

"அண்ணா கையெழுத்துப் போட்டதாச்சே, எனக்கென்ன பயம்?" என்றாள் அவள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், தெரிந்தே ஒப்புதல் தந்தேன் என்றாகும். இருபது வருடத்தில் என் கையெழுத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

மாலையில் நர்ஸ் வலிமருந்துக்கு மாற்றினார். நகல் அறுந்தது. ஏறியது வலிமருந்து, வேகம் மட்டும் அதுவரை மளமளவென்று ஏறிய உப்புநீருடையது. மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதார். அதையும் ஒரே மூச்சில்தான்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன், ஐயா. ஓரிடத்தில் 'நான் கொன்றேன்' என்று இருக்கிறது. பிழை அவருடையது, நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரியை மாற்றிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.