பெரிய தட்டுக்கு ஏற்ற குச்சி

மார்ச் ஏழாம் தேதி மாலை, ஆற்றுப்பாலத்தை அடுத்த விடுதியின் கீழ்த்தள அரங்கில் ஜாஸ் குழு வாசித்த பாட்டு முடிந்தது. டிரம்ஸ் வாசித்தவன் மட்டும் கண்ணை மூடியபடி தொடர்ந்து வாசித்தான். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பியானோக்காரர் எழுந்து போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினான்.

அவன் என் மனைவியின் தம்பி. நான் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறேன். அவனுக்குக் குச்சி பொறுக்கித் தந்தது நான்தான்.

டிரம்ஸோடு நிற்கும் உலோகத் தட்டான சிம்பல் பெரிதானால் பெரிய குச்சி வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அகலமான மெல்லிய தட்டைத் தடித்த குச்சியால் அடித்தால் தட்டு முழுக்க இரையும்; ஓர் அடி அடுத்த அடியில் கரைந்துபோகும். இலேசான குச்சி, சின்ன மர முனை என்றால்தான் அந்த இரைச்சலுக்கு மேலே 'டிங்' என்று அடி தனித்து நிற்கும். முதலில் அவனுக்கு நான் தந்தது அதுதான்.

அந்த இருக்கையில் அவனுக்கு முன் இருந்தவன் நான். குழு என்னை மாற்றி அவனை உட்காரவைத்தபோது எல்லார் முன்னாலும் அவன் சொன்னான்: "மாமா கடையில உக்காந்து குச்சி விக்கட்டும். அவர் அடிச்சா தகரக் கூரையில ஆலங்கட்டி கொட்டுற மாதிரி இருக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஆண்டு கடைக்கு வந்தான். "தட்டு மங்கிடுச்சு மாமா. டிங்கே கேக்கல."

அடித்துப் பார்த்தேன். தட்டில் குறை இல்லை. காது கெடும்போது முதலில் கேட்காமல் போவது 'டிங்' போன்ற உச்சஸ்தாயி ஒலிதான். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது தெரியும். அப்போதே மருத்துவரிடம் போயிருந்தால் மிச்சமிருந்த கேட்கும் திறன் தங்கியிருக்கும்.

"முனைய மாத்துவோம் மாப்ள," என்றேன்.

நைலான் முனையில் ஒலி கூராக வரும். சந்தோஷமாகப் போனான். சில மாதங்களில் அதுவும் மங்கியது. கனமான குச்சி கொடுத்தேன். பிறகு அதைவிடக் கனமானது, அதற்கேற்ற தடித்த தட்டு.

ஒருமுறை கடையில் இரைச்சல் தடுக்கும் காதடைப்பான் ஒன்றைக் கையில் எடுத்தான். "சட்டிய மூடி வச்சுட்டு உப்பு பாப்பியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தான்.

இன்னொரு நாள், "இந்தக் குச்சி பிரமாதம் மாமா. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் ரீங்காரம் காதுலயே நிக்குது," என்றான். அதைத் தட்டின் நாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"பொருத்தம் அமைஞ்சா அப்படித்தான்," என்றேன்.

என் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. "தம்பியக் கூப்பிட்டா திரும்பறதே இல்லீங்க. காதுல ஏதாச்சும் இருக்குமோ?"

"காதுல இல்ல, தலையில. கனம் ஏறிப்போச்சு," என்றேன். அதன் பிறகு அவள் அவனைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த மார்ச் கச்சேரிக்குப் பிறகு அவன் போனபோது, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று காது மருத்துவர் தாளில் எழுதிக் கேட்டாராம். "மாமா சரி பண்ணிக்கிட்டு இருந்தாரு," என்று சொல்லியிருக்கிறான்.

தெரிந்துதான் செய்தேன். ஆனால் அவன் கேட்காமல் ஒரு குச்சிகூட நான் கொடுத்ததில்லை. அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலிலிருந்து அந்த இருக்கையில் நான் வாசிக்கிறேன். இலேசான குச்சி, சின்ன மர முனை. இரண்டு காதிலும் அடைப்பான்.